மூளைக்காய்ச்சலில் பிழைத்த பிள்ளைக்குச் சேர வேண்டியவை

மூளைக்காய்ச்சல் பற்றி ஆண்டுதோறும் வெளியாகும் அரசுப் பட்டியலில் இரண்டு எண்கள்தான் இருக்கும்: எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள். பிழைத்து வீடு திரும்பிய பிள்ளைக்குப் பேச்சு வந்ததா, பள்ளிக்கூடம் போகிறதா, அதன் அம்மா மறுபடி வேலைக்குப் போனாரா என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் வராது. ஆனால் குடும்பத்துக்கு உண்மையான பாடு தொடங்குவது அங்கேதான்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சலைத்தான் சொல்கிறேன். இந்தியாவில் மனிதரிடம் இந்த நோய் முதலில் கண்டறியப்பட்டது 1955-ல், நம் வேலூரில். நெல்வயலில் தேங்கும் நீரில் பெருகும் கியூலெக்ஸ் வகைக் கொசு இதைப் பரப்புகிறது. வைரஸ் பல்கிப் பெருகும் இடம் பன்றியும் கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளும். மனிதரிடம் வந்ததும் அதன் பயணம் முடிந்துவிடும். நோய் கண்ட பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்கு ஒட்டாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய குழந்தையோடு தங்கள் பிள்ளைகளை விளையாட விடாத தெருக்கள் இன்னும் இருக்கின்றன. அந்த விலக்கத்துக்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. இது பரம்பரை நோயும் அல்ல. “உன் வழியில் வந்தது” என்று மருமகளைக் குத்துவதும், அடுத்த குழந்தைக்கும் வந்துவிடும் என்று அஞ்சுவதும் வீண்.

வைரஸ் உடலில் புகுந்தவர்களில் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் தீவிரமாகிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தை. மூளை வீங்கிய நோயாளிகளில் 30 சதவீதம் வரை இறக்கக்கூடும் என்றும், 30 முதல் 50 சதவீதம் பேருக்கு நிரந்தரப் பாதிப்பு ஏற்படலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வைரஸை நேராக அழிக்கும் மருந்து இதுவரை இல்லை. வலிப்பை அடக்குவது, மூளை வீக்கத்தைக் குறைப்பது, மூச்சுக்குத் துணை செய்வது, இவைதான் சிகிச்சை.

மூளையின் ஆழத்தில், உடல் அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதிகளை இந்த வைரஸ் அதிகம் தாக்குகிறது. அதனால்தான் பிழைத்த குழந்தைகள் சிலருக்குக் கைகால் விறைக்கிறது, கழுத்து ஒரு பக்கம் இழுக்கிறது, முகத்தில் அசைவே இல்லாமல் போகிறது, எச்சில் வடிகிறது. சிலருக்கு வலிப்பு தொடர்கிறது. கண்ணுக்குத் தெரியும் இந்தப் பாதிப்புகளை யாரும் மறுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாதவை இருக்கின்றனவே, அவற்றைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டியிருக்கிறது. நடந்து வீட்டுக்கு வந்த பிள்ளை, “நல்லாயிட்டான்” என்று எல்லோரும் சொன்ன பிள்ளை, ஆறு மாதம் கழித்து வாய்ப்பாட்டை மறக்கிறான். சின்ன விஷயத்துக்கும் பொருளைத் தூக்கி எறிகிறான், ராத்திரியில் தூங்குவதில்லை. மலேசியாவின் சரவாக் பகுதியில் இந்நோயிலிருந்து மீண்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த மருத்துவர்கள், வீடு திரும்பிய பிறகு பலர் தேறினாலும் சிலரின் நிலை பின்னால் மோசமானதையும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, ஆஸ்பத்திரியை விட்டு வரும் நாளில் செய்யும் பரிசோதனையை முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. பள்ளியில் அவனைச் சோம்பேறி என்றோ அடங்காதவன் என்றோ சொன்னால், ஆசிரியரிடம் நோயின் வரலாற்றைச் சொல்லுங்கள். மருத்துவரிடம் உளவியல் மதிப்பீடு வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெற்றோர் செய்யும் தவறுகளில் ஆபத்தானது வலிப்பு மாத்திரையை நிறுத்துவது. “நாலு மாசமா வலிப்பு வரல, எதுக்கு மாத்திரை” என்று தோன்றும். மாத்திரை வேலை செய்வதால்தான் வரவில்லை. திடீரென்று நிறுத்தினால் அடங்காத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் முடிவு. இந்த மாத்திரைகளை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே வாங்கலாம். கோயிலுக்கு நேர்ந்துகொள்வதையோ தாயத்து கட்டுவதையோ நான் தடுக்க வரவில்லை; அதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்பவரை மட்டும் நம்பாதீர்கள். வலிப்பு வரும்போது பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பைக் கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

பிசியோதெரபியைத் தள்ளிப்போடவே கூடாது. மூட்டுகள் விறைத்து மடங்கி இறுகிவிட்டால் பிறகு அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை போன்ற இடங்களில் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான இடையீட்டு மையம் இயங்குகிறது, டி.இ.ஐ.சி. என்று கேட்டால் காட்டுவார்கள். பிசியோ, பேச்சுப் பயிற்சி, காது, கண் பரிசோதனை ஆகியவை அங்கே கட்டணம் இல்லாமல் கிடைக்க வேண்டும். வீட்டை விட்டு நகர முடியாத பிள்ளை என்றால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வர வழி இருக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதியச் சொல்லுங்கள். பல வகைப் பாதிப்பு ஒன்றாக இருக்கும் பிள்ளைகளுக்கென்றே மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஒன்று சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இருக்கிறது.

இனி உரிமைகள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. மூளைக்காய்ச்சலின் பின்விளைவுகளில் பெரும்பாலானவை அதில் அடங்கும்: கைகால் முடக்கம், அறிவுசார் குறைபாடு, பேச்சுக் குறைபாடு, செவித்திறன் இழப்பு, கற்றல் குறைபாடு, பல்வகைக் குறைபாடு. பாதிப்பு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால் பல கதவுகள் திறக்கும். இங்கேதான் குடும்பங்கள் ஏமாந்து போகின்றன. காலை மட்டும் பார்த்து 30 சதவீதம் என்று எழுதிவிடுகிறார்கள்; பிள்ளையின் அறிவுத்திறனை யாரும் சோதிப்பதில்லை. எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்து மதிப்பிடுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சான்று மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 59-வது பிரிவு இடம் தருகிறது. குழந்தையின் நிலை மாறக்கூடும் என்பதால் தற்காலிகச் சான்றுதான் பலருக்குக் கிடைக்கும். முடியும் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்கு முன்பே மறு மதிப்பீட்டுக்குப் போய்விடுங்கள். தேதி தாண்டியதால் உதவித்தொகை நின்றுபோகும் குடும்பங்கள் நிறைய.

தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கும், கடுமையாகப் பாதிக்கப்பட்டு 75 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. விண்ணப்பத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தர வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிச் சுமக்கும் தாய்க்கு இந்தத் தொகை எந்த மூலைக்கு? போதாது என்பதே என் கருத்து. ஆனாலும் உரிமையாக வருவதை விட்டுவிடாதீர்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் ‘நிராமயா’ காப்பீட்டில் மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை பெறலாம். தெரபிச் செலவும் அதில் சேரும்.

பள்ளியைப் பற்றி மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க 31-வது பிரிவு உரிமை தருகிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், இரண்டாம் மொழி, மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு ஆகியவற்றையும் அரசு செய்து தர வேண்டும். பாதிப்பு மிகக் கடுமையானால் வீட்டிலேயே கல்வி பெறும் வழியைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் திறந்து வைத்திருக்கிறது. அதற்கு வட்டார வள மையத்திலுள்ள சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். “டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்” என்று பள்ளி சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தில் தர அவர்கள் தயங்குவார்கள், ஏனென்றால் அது சட்டமீறல். முதன்மைக் கல்வி அலுவலரிடமும், திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள். அங்கும் வழி பிறக்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள். மனு கொடுத்த ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பிள்ளைக்கு 18 வயதானதும் தாய், தந்தை தானாகவே சட்டப்படியான காப்பாளர் ஆக மாட்டார்கள். வங்கியிலும் பத்திரப் பதிவிலும் இது இடிக்கும். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் நியமனம் பெறலாம். கலெக்டர் அந்தக் குழுவில் இருப்பார்.

இந்த அலைச்சலில் வீட்டின் மற்ற பிள்ளைகளை மறந்துவிடுகிறோம். தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்துவது பல வீடுகளில் பேசாமலே நடந்துவிடுகிறது. ஒரு குழந்தையின் நோய்க்கு இன்னொரு குழந்தையின் படிப்பை விலையாகக் கொடுப்பதை உறவினரும் ஆசிரியரும் சேர்ந்து தடுக்க வேண்டும்.

தடுக்க வழி நம் கையிலேயே இருக்கிறது. 2005-ல் கோரக்பூர் வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான குழந்தைகளை வாரிக்கொண்டுபோன நோய்ப்பரவலுக்குப் பிறகு, 2006-லிருந்து ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி அரசுத் திட்டத்தில் வந்தது. நோய் அதிகமுள்ள மாவட்டங்களில் 9 முதல் 12 மாதத்துக்குள் ஒரு தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொரு தவணை, இலவசமாகப் போடுகிறார்கள். உங்கள் குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, உங்கள் மாவட்டம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று செவிலியரிடம் கேளுங்கள். வீட்டையொட்டிப் பன்றிப் பட்டி இருந்தால் ஊராட்சியிடம் சொல்லித் தள்ளி வைக்கச் செய்யுங்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் இந்தக் கொசு அதிகம் கடிக்கும். பிள்ளைகளைக் கொசுவலைக்குள் தூங்க வையுங்கள்.

அரசிடம் ஒன்று கேட்க வேண்டும். மூளைக்காய்ச்சலில் பிழைத்த ஒவ்வொரு குழந்தையின் டிஸ்சார்ஜ் சீட்டிலும் இடையீட்டு மையத்துக்குப் போக வேண்டிய தேதியும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் முகவரியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஓராண்டு வரை யாராவது அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். ஆட்களும் அலுவலகங்களும் ஏற்கெனவே இருக்கின்றன, இணைப்புத்தான் இல்லை. அது நடக்கும் வரை, உங்கள் தெருவில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தனியாக அலையும் அந்தத் தாயோடு ஒருமுறை நீங்களும் அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். மனுவை எழுதிக் கொடுங்கள்.