தாளம் தப்பவில்லை, டிரைவர்தான் தாமதம்!

கம்ப்யூட்டர் வாங்கிய சில வாரங்களில் பலருக்கும் வரும் ஆசை, ஒரு மைக்கை இணைத்து நம் பாட்டை நாமே பதிவு செய்து பார்ப்பது. முன்பெல்லாம் இதற்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து ஸ்டுடியோ செல்ல வேண்டும். இப்போது இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி, 60 நாட்கள் பயன்படுத்திப் பார்க்க அனுமதிக்கும் ரீப்பர் போன்ற புரோகிராம்கள் இருந்தால், அந்த வேலையில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்திடலாம். ஆனால் இன்ஸ்டால் செய்து, சிவப்பு பட்டனை அழுத்திய பிறகுதான் சிக்கல்கள் தலைகாட்டும். பாடியது சற்றுக் கழித்து ஹெட்போனில் கேட்கும். நல்ல ஆலாபனையின் நடுவே "டப், டப்" என்று ஓசை விழும். இன்னும் சிலருக்கு மைக்கே வேலை செய்யாது.

எங்கள் தெருவில் ஒரு பாட்டு டீச்சர் இருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லிக் கொடுப்பவர். திருமணமாகி வெளியூர் சென்ற மாணவிகளுக்காகத் தன் பாடாந்தரத்தில் உள்ள கீர்த்தனைகளைப் பதிவு செய்து வைக்க நினைத்தார். அவருடைய தம்பி மகன் ஒரு லேப்டாப்பும், இரண்டு மைக் இணைக்கக்கூடிய யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்பேஸும் வாங்கித் தந்து, ரீப்பரையும் பதிந்து கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். மாணவர் ஒருவர் முதலில் மிருதங்கத்தை வாசித்துப் பதிவு செய்தார். அதனை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே டீச்சர் பாட வேண்டும். ஏழு கீர்த்தனைகள் பதிவாயின. போட்டுக் கேட்டால் ஒவ்வொன்றிலும் பாட்டு மிருதங்கத்திற்குப் பின்னால் இழுத்துக்கொண்டு நிற்கிறது.

"எனக்குத் தாளம் நிக்க மாட்டேங்குது தம்பி. வயசாயிடுச்சு. இத்தோட விட்டுடலாம்னு பாக்கறேன்" என்றார் என்னிடம். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கையால் ஆதி தாளம் போட்டுப் பாடிக் காட்டச் சொன்னேன். அச்சுப் பிசகாமல் நின்றது. எனவே, தேட வேண்டிய இடம் டீச்சரின் வயது அல்ல, லேப்டாப் என்று தெரிந்துவிட்டது.

பபர் என்னும் குடம்

கம்ப்யூட்டர் ஒலியைத் தொடர்ச்சியாகக் கையாள்வதில்லை. சிடி தரத்தில் ஒரு நொடி ஒலியை 44,100 துண்டுகளாக வெட்டி எண்களாக மாற்றுகிறது. இவற்றை சாம்பிள் என்கிறோம். ஒவ்வொரு சாம்பிளாக ப்ராசசருக்கு அனுப்பிக்கொண்டிருந்தால் அதற்கு வேறு வேலையே நடக்காது. எனவே குழாயடியில் குடம் வைத்துப் பிடிப்பது போல, குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்த பின்னரே மொத்தமாக எடுத்துச் செல்கிறது. இந்தக் குடத்தின் பெயர்தான் பபர்.

குடம் பெரிதாக இருந்தால் நிரம்ப நேரமாகும்; அந்த நேரம் நமக்குத் தாமதமாகத் தெரியும். சிறிதாக இருந்தால் உடனே நிரம்பிவிடும். ஆனால் அடிக்கடி ஓடி வந்து எடுக்க வேண்டும். ஒரு முறை ப்ராசசர் வரத் தாமதித்தாலும் தண்ணீர் வழிந்துவிடும். பதிவில் கேட்கும் "டப்" ஓசை, பெரும்பாலும் அப்படி வழிந்துபோன ஒலிதான்.

கணக்கு எளிது. பபர் அளவை 44,100 ஆல் வகுத்தால் தாமதம் கிடைக்கும். 128 சாம்பிள் என்றால் 2.9 மில்லி செகண்ட். 256 என்றால் 5.8, 1024 என்றால் 23.2. மைக் வழியாக உள்ளே வர ஒரு குடம், ஹெட்போன் வழியாக வெளியே போக ஒரு குடம் என்பதால் இதனை இரண்டால் பெருக்கி, டிரைவரும் இன்டர்பேஸும் எடுத்துக்கொள்ளும் சில மில்லி செகண்ட்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். 10 மில்லி செகண்ட் தாமதம் என்பது மிருதங்கக்காரர் சுமார் 11 அடி தள்ளி உட்கார்ந்திருப்பதற்குச் சமம். கச்சேரி மேடையில் அது யாரையும் தொந்தரவு செய்யாது. 100 மில்லி செகண்ட் என்றால் அவர் 110 அடிக்கு அப்பால், கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் பின்னால் இருந்து வாசிப்பதாகும்.

டீச்சரின் லேப்டாப்பில் எவ்வளவு தாமதம் என்று அளந்து பார்த்தோம். இதனை நீங்களும் செய்திடலாம். ஒரு டிராக்கில் மெட்ரோனோம் ஓசையை அமைத்து ஓடவிட்டு, ஹெட்போனின் ஒரு காதை மைக்கின் மேல் ஒட்டி வைத்து, அந்த ஓசையை இரண்டாவது டிராக்கில் பதிவு செய்திடுங்கள். பின் நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால், இரண்டு டிராக்கிலும் உள்ள கூர் முனைகளுக்கு இடையே உள்ள இடைவெளி தெரியும். எங்களுக்குக் கிடைத்தது 140 மில்லி செகண்ட். நிமிடத்திற்கு 120 தட்டு, தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்று பாடினால் ஒரு ஸ்வரத்திற்குக் கிடைக்கும் நேரமே 125 மில்லி செகண்ட்தான். ஒரு முழு ஸ்வரத்திற்கும் மேல் விழுங்கிவிட்டு, பழியை டீச்சர் மேல் போட்டிருக்கிறது கம்ப்யூட்டர்.

எந்த டிரைவர் வேலை செய்கிறது?

ரீப்பரில் ஆப்ஷன்ஸ் மெனு சென்று பிரிபரன்சஸ் கிளிக் செய்திடவும். கிடைக்கும் விண்டோவில் ஆடியோ பிரிவின் கீழ் டிவைஸ் என்பதனைத் தேர்ந்தெடுத்தால், மேலாக ஆடியோ சிஸ்டம் என்ற கீழ்விரி மெனு இருக்கும். டீச்சரின் லேப்டாப்பில் அங்கே வேவ்அவுட் என்று இருந்தது. இது விண்டோஸின் மிகப் பழைய வழி. எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடும். ஆனால் நிதானமாக ஓடும். ஆடாசிட்டியில் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு மாறாநிலையில் தரப்படும் எம்.எம்.இ. என்பதும் இதே குடும்பம்தான். பாட்டுக் கேட்பதற்கு இது போதும். கேட்டுக்கொண்டே பாடுவதற்குப் போதாது.

இந்தத் தொல்லைக்காகவே ஜெர்மனியின் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் 1997ல் ஏசியோ என்ற முறையைக் கொண்டு வந்தது. இது விண்டோஸின் ஒலிக் கலவைப் பகுதியைத் தொடாமல், பதிவு புரோகிராமை நேரடியாக இன்டர்பேஸுடன் பேச வைக்கிறது. பின்னர் விண்டோஸ் விஸ்டாவில் மைக்ரோசாப்ட் தந்த வசாபி என்பதும் நல்ல வழியே. குறிப்பாக அதன் எக்ஸ்குளுசிவ் நிலையில் தாமதம் நன்றாகக் குறையும்.

டீச்சரின் கம்ப்யூட்டரில் ஏசியோவைத் தேர்ந்தெடுத்தால், பட்டியலில் எந்தச் சாதனமும் இல்லை. காரணம், இன்டர்பேஸுக்கான டிரைவர் இன்ஸ்டால் செய்யப்படவே இல்லை! விண்டோஸ் 10 மற்றும் 11ல் யு.எஸ்.பி. ஆடியோவிற்கான பொது டிரைவர் உள்ளேயே இருப்பதால், வயரைச் செருகியவுடன் ஒலி வந்துவிடுகிறது. ஒலி வந்துவிட்டால் டிரைவரைப் பற்றி யார் நினைக்கப் போகிறார்கள்? இன்டர்பேஸ் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் சப்போர்ட் பக்கத்திற்குச் சென்று, உங்கள் மாடலுக்கும் விண்டோஸ் பதிப்பிற்கும் உரிய டிரைவரை டவுண்லோட் செய்திடுங்கள். இன்டர்பேஸின் வயரைக் கழற்றிவிட்டு செட்டப் பைலை இயக்கவும். அது கேட்கும்போது மட்டும் வயரை இணைக்கவும். முடிந்ததும் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்திடவும்.

இன்டர்பேஸ் இல்லை, லேப்டாப்பின் ஹெட்போன் துளை மட்டுமே இருக்கிறது என்பவர்கள், ஏசியோ ஃபார் ஆல் என்ற இலவச டிரைவரைப் பயன்படுத்தலாம். சாதாரண சவுண்ட் சிப்பையும் ஏசியோ போல நடந்துகொள்ள வைக்கும். இதனைப் பயன்படுத்துகையில் பிரவுசர், மீடியா பிளேயர் போன்றவற்றை மூடிவிடுங்கள். அவை சவுண்ட் கார்டைப் பிடித்துக்கொண்டிருந்தால் இதற்கு வழி கிடைக்காது. இன்னொன்று, புளூடூத் ஹெட்போன் வைத்துக்கொண்டு எந்த டிரைவரை மாற்றினாலும் பயனில்லை. காற்றில் செல்லும் முன் ஒலியைச் சுருக்கி விரிப்பதிலேயே நூறு மில்லி செகண்ட்களுக்கு மேல் போய்விடும். வயர் உள்ள ஹெட்போனை எடுத்து வாருங்கள்.

டப் டப் ஓசை

ஏசியோ வந்தது. பபரை 128 என வைத்தோம். தாமதம் காதுக்குத் தெரியவில்லை. ஆனால் பதிவில் அங்கங்கே "டப்" ஓசை. இந்த இடத்தில் பலரும் ராம் போதவில்லை, ஹார்ட் டிஸ்க் மெதுவாக இருக்கிறது என்று பணம் செலவழிக்கப் புறப்படுவார்கள். சற்றுக் கணக்குப் போடுங்கள். 24 பிட், 44,100 அளவில் ஒரு மோனோ டிராக் நிமிடத்திற்கு எடுப்பது ஏறத்தாழ 8 எம்.பி. எட்டு டிராக்கை ஒரே நேரத்தில் பதிந்தாலும் நொடிக்கு ஒரு எம்.பி.தான். பழைய ஹார்ட் டிஸ்க்கிற்கும் இது பெரிய வேலை இல்லை. பென் டிரைவிலோ, கிளவுடுடன் தானாகவே ஒத்திசையும் போல்டரிலோ நேரடியாகப் பதிவு செய்யாமல் இருந்தால் போதும்.

உண்மையான காரணம் பெரும்பாலும் வேறு ஏதேனும் ஒரு டிரைவர் ப்ராசசரைச் சில நொடித் துளிகள் விடாமல் பிடித்துக்கொள்வதுதான். அது எது என்று கண்டுபிடிக்க லேட்டன்சிமான் என்ற புரோகிராம் உதவுகிறது. அதனைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, டிரைவர்ஸ் டேப்பில் எது அதிக நேரம் எடுத்திருக்கிறது என்று பாருங்கள். டீச்சரின் லேப்டாப்பில் பிடிபட்டது வை-பை. பாடுகையில் வை-பையை ஆப் செய்துவிட்டால் போதும் என்று ஏற்பாடு. பாடும்போது இன்டர்நெட் எதற்கு?

அடுத்தது மின்சக்தி. பேட்டரியை மிச்சம் பிடிக்க லேப்டாப் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கும். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் எனச் சென்று, பவர் மோட் என்பதில் பெஸ்ட் பெர்பார்மன்ஸ் தேர்ந்தெடுக்கவும். சார்ஜரை இணைத்தே பதிவு செய்திடவும். பின்னர் டிவைஸ் மேனேஜரில் யு.எஸ்.பி. ரூட் ஹப் மீது டபுள் கிளிக் செய்து, பவர் மேனேஜ்மெண்ட் டேப் இருந்தால், மின்சக்தியைச் சேமிக்க இந்தச் சாதனத்தை நிறுத்த அனுமதி தரும் கட்டத்தில் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிடவும். பாதிப் பாட்டில் இன்டர்பேஸ் காணாமல் போவது இதனால் நிற்கும். பெர்பார்மன்ஸ் பகுதியில் பேக்ரவுண்ட் சர்வீசஸ் தேர்ந்தெடுங்கள் என்று ஒரு பழைய ஆலோசனை இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் பார்த்த கம்ப்யூட்டர்களில் அதனால் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

இவ்வளவும் செய்து பபரை 256 என வைத்தவுடன் ஓசை அடியோடு நின்றது. பாடி முடித்து, எதிரொலி போன்ற எபெக்ட்களைச் சேர்க்கும் நேரத்தில் பபரை 1024க்கு உயர்த்திக் கொள்ளலாம். அப்போது யாரும் பாடுவதில்லை என்பதால் தாமதம் ஒரு பொருட்டல்ல. ரீப்பரில் வியூ மெனுவில் உள்ள பெர்பார்மன்ஸ் மீட்டரைத் திறந்து வைத்தால், எந்த டிராக்கின் எபெக்ட் ப்ராசசரை அதிகம் சாப்பிடுகிறது என்று தெரியும்.

குரலை நேரே கேட்க

பாடுவது மட்டுமே உங்கள் வேலை என்றால் இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. புதியவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். பல இன்டர்பேஸ்களில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு ஸ்விட்ச் அல்லது திருகு இருக்கும். இதனை இயக்கினால் உங்கள் குரல் கம்ப்யூட்டருக்குள் சென்று திரும்பாமல், மைக்கிலிருந்து நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். ரீப்பரில் அந்த டிராக்கின் ரிகார்ட் மானிட்டரிங் பட்டனை மட்டும் ஆப் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் குரல் இரண்டு முறை கேட்கும். அப்படியானால் ஏசியோ எதற்கு என்று கேட்கலாம். பாடி முடித்த பதிவை மிருதங்கத்திற்கு நேராகச் சரியான இடத்தில் வைக்க, டிரைவர் தன் தாமதத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். அதில் ஏசியோ நம்பகமானது. ஆடாசிட்டியில் இதே வேலையை லேட்டன்சி காம்பன்சேஷன் என்ற எண் செய்கிறது. மேலே சொன்ன மெட்ரோனோம் சோதனையில் கிடைத்த இடைவெளியை வைத்து அதனைத் திருத்திக்கொள்ளலாம்.

சுருதி ஏறிப் போனால்

சாம்பிள் ரேட் பொருந்தாமையும் கவனிக்க வேண்டிய ஒன்று. 44,100ல் பதிந்ததை இன்டர்பேஸ் 48,000 என்று எண்ணிக்கொண்டு ஒலித்தால், பாட்டு 8.8 சதவீதம் வேகமாகும். சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் ஏறும். ஐந்தரைக் கட்டையில் பாடியது ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவே, எந்தத் தம்புராவுடனும் சேராமல் நிற்கும். ரன் கட்டத்தில் எம்.எம்.சிஸ்.சி.பி.எல். பைலின் பெயரை டைப் செய்து தேட வேண்டியதில்லை. கண்ட்ரோல் பேனலில் சவுண்ட் பிரிவைத் திறந்து, பிளேபேக், ரிகார்டிங் இரண்டிலும் உங்கள் சாதனத்தின் பிராப்பர்ட்டீஸ் சென்று, அட்வான்ஸ்டு டேப்பில் ஒரே அளவை அமையுங்கள். ரீப்பரிலும் இன்டர்பேஸின் சொந்த செட்டிங்ஸிலும் அதே எண் இருக்கட்டும். அங்கேயே கம்யூனிகேஷன்ஸ் டேப்பில் டூ நத்திங் என்பதையும் தேர்ந்தெடுத்துவிடவும். மைக்கில் ஒலியே வரவில்லை என்றால், செட்டிங்ஸில் பிரைவசி பிரிவின் மைக்ரோபோன் பக்கத்தில் டெஸ்க்டாப் புரோகிராம்களுக்கு அனுமதி தரப்பட்டுள்ளதா எனப் பாருங்கள்.

டீச்சரின் ஏழு பதிவுகளில் இரண்டைக் காப்பாற்ற முடிந்தது. அந்த இரண்டிலும் ஹெட்போனில் அவருக்கு மிருதங்கம் மட்டுமே கேட்டிருக்கிறது. எனவே தாமதம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு. பாட்டை அப்படியே 140 மில்லி செகண்ட் இடதுபுறம் நகர்த்தியதும் சரியாக உட்கார்ந்துகொண்டது. மற்ற ஐந்தில் தன் குரலையே தாமதமாகக் கேட்டு, அதற்காகக் காத்துக் காத்துப் பாடியிருக்கிறார். இழுவை இடத்துக்கு இடம் மாறுவதால் நகர்த்திப் பயனில்லை. "அஞ்சுதானே, திரும்பப் பாடிட்டாப் போச்சு" என்று அன்று மாலையே மிருதங்க மாணவருக்குப் போன் செய்துவிட்டார்.

விண்டோஸின் பெரிய அப்டேட் வந்த பிறகு பவர் மோட், மைக் அனுமதி, சாம்பிள் ரேட் ஆகிய மூன்றும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வாய்ப்புண்டு. பதிவு தொடங்கும் முன் இவற்றை ஒரு முறை பார்த்துக்கொண்டு, 30 நொடி பாடிச் சோதித்துவிடுங்கள்.