காற்றுத் தூரிகை

விமானம், கப்பல் முதலியவற்றை ஒரே விகிதத்திற் சிறுக்கி, அவற்றின் மாதிரி உருவங்களைச் சமைத்து வண்ணந் தீட்டுதல், இளைஞரும் முதியரும் ஓய்வுக் காலத்திற் பயிலுங் கைத்தொழில்களுள் ஒன்றாகும். இங்கிலாந்தில் 1936-ஆம் ஆண்டு ‘ஃபிராக் பெங்குயின்’ என்னும் பெயரால் 1/72 அளவுள்ள பிளாஸ்டிக் விமான மாதிரிகள் விற்பனைக்கு வந்தன. பின்னர் இக்கலை பல நாடுகளிலும் பரவிற்று. இதனைப் பயிலத் தொடங்கினோர் விரைவில் ஒரு வினாவை எதிர்ப்படுவர். ‘ஏர்பிரஷ்’ என வழங்கும் காற்றுத் தூரிகை நமக்கு வேண்டுமா? வேண்டுமெனின் எத்தகையதைக் கொள்வது? மாணாக்கர் கைப்பொருளோ சிறிது. தூரிகையும் அதற்குக் காற்றூட்டும் கம்ப்ரெஸரும் சேர்ந்த விலையோ பெரிது. ஆராயாது வாங்கின் பொருளும் வீணாகும். பல வாரம் உழைத்துச் சமைத்த மாதிரியும் பாழாகும். ஆதலின் இப்பொருள்பற்றி யாம் அறிந்தவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மயிர்த் தூரிகை இருக்கக் காற்றுத் தூரிகை எற்றுக்கு என்பது முதற்கண் ஆராயத்தக்கது. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவிற் பறந்த ‘மாக்கி சி.202’ என்னும் இத்தாலியப் போர்விமானத்தை எடுத்துக்கொள்வோம். அவ்விமானங்கள் பலவற்றின் உடல், மணல் நிறத்தின்மேற் பச்சைப் புகைவளையங்கள் படர்ந்தாற்போலத் தோன்றும். அவ்வளையங்கள் தெளிப்பானால் இடப்பட்டமையின் அவற்றின் விளிம்பு புகைபோல மங்கி மறையும். 8.85 மீட்டர் நீளமுள்ள அவ்விமானம் 1/72 அளவில் ஏறக்குறைய 12.3 சென்டிமீட்டராகக் குறுகும். அக்கணக்கின்படி, உண்மை விமானத்தில் 7.2 சென்டிமீட்டர் அகலமுள்ள கோடு மாதிரியில் 1 மில்லிமீட்டரே ஆகும். அதன் மங்கல் விளிம்போ மயிரிழை போல்வது. மயிர்த் தூரிகை இழுத்த கோட்டின் விளிம்பு மங்காது கூர்ந்து நிற்கும்; மயிரின் தடமும் வண்ணத்தின் தடிப்பும் கண்ணுக்குப் புலனாம். விமானம் சிறுத்தும் வண்ணம் சிறுக்கவில்லை என்பதைக் காண்போர் உடனே அறிவர். விமானத்தோடு வண்ணத்தையும் சிறுக்கித் தருவதே காற்றுத் தூரிகையின் தனிப்பயன். எனினும் விமானியின் முகம், கருவிப் பலகை முதலிய நுண்ணிய இடங்களுக்கு மயிர்த் தூரிகையே ஏற்றது.

இனி, இக்கருவியின் வரலாறும் இயல்பும் கூறுவாம். 1879-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐயோவா மாகாணத்து ஆப்னர் பீலர் என்பார் இதன் தொடக்க வடிவமொன்றைச் செய்தார். இன்று நாம் காணும் அமைப்புக்கு நெருங்கிய வடிவத்தைச் சார்லஸ் பர்டிக் என்பார் 1890-களிற் கண்டார். புகைப்படங்களைத் திருத்துவதற்கு அக்காலத்தில் இது பெரிதும் பயன்பட்டது. இதன் தொழில் எளிது. கூர்ந்த ஊசியொன்று நுண்டுளையுள்ள நாசிலை அடைத்து நிற்கும். ஊசி பின்வாங்குந்தோறும் துளை திறந்து வண்ணம் வெளிப்படும். நாசிலைச் சூழ்ந்து விரையுங் காற்று அவ்வண்ணத்தை ஈர்த்துப் பனிப்படலம்போலச் சிதறடிக்கும்.

விசையை அழுத்தினாற் காற்றும் வண்ணமும் ஒருங்கே வருவது ஒற்றைவினைக் கருவி. அழுத்தினாற் காற்றும், பின்னிழுத்தால் வண்ணமும் வருவது இரட்டைவினைக் கருவி. முன்னது கற்றற்கு எளிது. பின்னது வரையும்போதே கோட்டைப் பெருக்கவுஞ் சுருக்கவும் இடந்தருவது. மேற்கூறிய புகைவளையங்களை வரைதற்குப் பின்னதே தக்கது. வண்ணக்கிண்ணம் மேலே அமைந்தது சில துளி வண்ணத்தோடும் குறைந்த அழுத்தத்தோடும் தொழில்செய்யும். கீழே குப்பி அமைந்தது பெரும்பரப்பிற்கு உதவும். நாசிலின் துளை 0.2 மில்லிமீட்டராயின் மிக நுண்ணிய கோடு வரும். ஆயின் அடிக்கடி அடைபடும். 0.5 மில்லிமீட்டர் பிரைமருக்கும் உலோக நிறங்களுக்கும் ஏற்றது. ஒரே கருவி வாங்க வல்லார்க்கு 0.3 மில்லிமீட்டர் துளையும் மேற்கிண்ணமும் உடைய இரட்டைவினைக் கருவியே நன்று என்பது எம் துணிபு.

விலை மிகுதியே சிறப்பன்று. வாங்குமுன், ஊசியின் நுனி வளையாதிருக்கின்றதா, விசை தடையின்றி இயங்குகின்றதா, நாசிலும் ஊசியும் தனியே விலைக்குக் கிடைக்குமா என்பவற்றை நோக்குக. உதிரியுறுப்புக் கிடையாத கருவி, நாசில் பிளந்த அன்றே பயனற்றதாம். கிண்ணத்தில் நீரூற்றித் தெளிக்கும்போது அந்நீரிற் குமிழி எழுமாயின், நாசில் பிளந்தோ சரியாகப் பொருந்தாமலோ இருக்கின்றது என்க. கம்ப்ரெஸரில் காற்றுத்தொட்டி இருப்பின் காற்று துடிப்பின்றிச் சீராக வரும். அழுத்தத்தை அளவிடும் ரெகுலேட்டரும், காற்றின் ஈரத்தைப் பிரிக்குங் குடுவையும் இன்றியமையாதன. ஈரம் நீங்காத காற்று வண்ணத்தோடு நீர்த்துளியையும் உமிழும்.

பயன்படுத்தும் முறை வருமாறு: வண்ணத்தை அதற்குரிய தின்னராற் பாலின் பதத்திற்குக் கரைத்து, பொதுவான பூச்சுக்குச் சதுர அங்குலத்திற்கு 15 முதல் 20 இராத்தல் அழுத்தத்தில், 5 முதல் 8 சென்டிமீட்டர் தொலைவினின்று தெளிக்க. நுண்கோட்டிற்கு வண்ணத்தை இன்னும் நீர்க்கச் செய்து, அழுத்தத்தைக் குறைத்து, 2 அல்லது 3 சென்டிமீட்டர் வரை நெருங்குக. கோலமிடும் மகளிர் மாவை உதிர்க்கும்போது கையை ஓரிடத்தில் நிறுத்தாமைபோல, கை நகரத் தொடங்கிய பின்னரே வண்ணத்தை விடுதலும், கை நிற்குமுன்னரே அதனை நிறுத்துதலும் வேண்டும். ஒரே தடித்த பூச்சினும் மெல்லிய பல பூச்சுக்களே சிறந்தன. பரப்புச் சொரசொரப்பாயின், வண்ணம் செல்லும் வழியிலேயே உலர்ந்தது என்றறிந்து அண்மையிற் செல்க; இன்னும் சிறிது கரைக்க. சிலந்திக்கால்போல் வண்ணம் ஓடின், நீர்ப்பு மிகுந்தது அல்லது கருவி மிக நெருங்கியது என்க.

தொழில் முடிந்தவுடன் கிண்ணத்தையும் நாசிலையும் கழுவி ஊசியைத் துடைத்தல் வேண்டும். ஊசியை நாசிலுள் வலிந்து செலுத்தின் இரண்டும் கெடும். இதனினும் பெரிதாய்க் காக்கத்தக்கது நம் மூச்சு. கண்ணுக்குப் புலனாகாத வண்ணத்துகள் நுரையீரலின் ஆழத்தே சென்று தங்கும். நீரிற் கரையும் அக்ரிலிக் வண்ணமும் இதற்கு விலக்கன்று. லாக்கர், எனாமல் ஆகியவற்றின் ஆவியோ நச்சுத்தன்மையது, எளிதில் தீப்பற்றுவது. துணிமுகமூடி இதற்குப் போதாது. துகளையும் ஆவியையும் வடிகட்டும் முகமூடியும், புகையை வெளியேற்றும் விசிறியும் கொள்க. விடுதி அறையிற் கதவடைத்துத் தெளித்தல் தனக்கும் உடனுறைவோர்க்கும் தீங்காம். முகமூடிக்குப் பொருளில்லாதான் கருவியைப் பிறகு வாங்குவானாக.

கருவி கைக்கு வந்த அன்றே மாதிரியின்மேல் அதனை ஏவுதல் அறிவுடைமையன்று. வெள்ளைத்தாளிற் புள்ளி வைத்தும், கோடிழுத்தும், பழைய பிளாஸ்டிக் கரண்டிகளிற் பூசியும் சில வாரம் பழகுக. எழுத்தாணி பிடித்த முன்னோர், ஓலை கிழியாமலும் எழுத்து மங்காமலும் அழுத்தும் அளவைப் பயிற்சியாலேயே பெற்றனர். காற்றுத் தூரிகையின் விசையும் அத்தகையதே. நடுத்தரக் கருவியும் பழகிய விரலும் கூடியவிடத்து விளையும் அழகு, உயர்ந்த கருவியும் பழகாத விரலும் கூடியவிடத்து விளைவதில்லை.