வீட்டு மின்சேமிப்புத் தொகுதி: எச்சரிக்கைகளை வாசித்தலும் வழுக்களைக் கண்டறிதலும்



2022 மார்ச் 31 ஆம் திகதி இலங்கையில் 13 மணித்தியால மின்வெட்டு நடைமுறைப்படுத்தப்பட்டது. அதன் பின்னர் பல வீடுகளிலும் தனியார் கல்வி நிலையங்களிலும் பற்றரியும் இன்வேட்டரும் இடம்பிடித்தன. இன்று சோலார் பனல்களுடன் பற்றரி பொருத்திய வீடுகளும் உள்ளன. பெட்டி ஒலி எழுப்பினால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான்: ஆளியை நிறுத்தி மீண்டும் போடுவது. இது சரியா? ஓமின் விதியையும் வலுச் சமன்பாட்டையும் மனனம் செய்த உங்களால் இவ்வினாவிற்கு விடை காண முடியும்.

1. தொகுதியின் பகுதிகள்

(அ) சேமிப்புக்கலம்: சக்தியை இரசாயனச் சக்தியாகச் சேமித்து நேரோட்டமாக வழங்குவது. ஈய அமிலம், இலிதியம் இரும்புப் பொசுபேற்று ஆகிய இரு வகைகளும் வீடுகளில் பயன்படுகின்றன.
(ஆ) இன்வேட்டர்: நேரோட்டத்தை 230 வோல்ற்று, 50 ஏட்சு ஆடலோட்டமாக மாற்றுவது.
(இ) மின்னேற்றி: வழங்கல் மின்னைக் கொண்டு அல்லது சூரிய ஒளியால் பெறப்படும் மின்னைக் கொண்டு கலத்தை மின்னேற்றுவது.
(ஈ) பாதுகாப்புச் சாதனங்கள்: உருகி, சுற்றுடைப்பான், புவித்தொடுப்பு என்பன. இலிதியம் வகையில் இவற்றுடன் மின்கல முகாமைத் தொகுதி எனும் மின்னணுச் சுற்றும் உண்டு. அது ஒவ்வொரு கலத்தினதும் அழுத்த வேறுபாட்டையும், மின்னோட்டத்தையும் வெப்பநிலையையும் அளந்து, எல்லை மீறினால் சுற்றைத் துண்டிக்கும்.

2. எச்சரிக்கை வேறு, வழு வேறு

காய்ச்சல் ஒரு நோயன்று, நோயின் அறிகுறி என்பதை அறிவீர்கள். எச்சரிக்கையும் அவ்வாறானதே. "பற்றரி குறைவு" என்று திரை காட்டினால் அதன் பொருள், இன்வேட்டரின் முனைகளில் அழுத்த வேறுபாடு குறைந்துள்ளது என்பது மாத்திரமே. ஏன் குறைந்தது என்பதைத் திரை கூறாது. அதனை நாமே கண்டறிய வேண்டும்.

இதனை நான் பட்டறிந்தே கற்றேன். 2022 இல் சாதாரண தரப் பரீட்சை நெருங்கிய வேளையில், எமது வகுப்பறையில் 12 வோல்ற்று ஈய அமிலப் பற்றரியொன்றை நம்பியே மாலை வகுப்புகள் நடந்தன. மின்விசிறிகளைப் போட்டவுடன் இன்வேட்டர் "பற்றரி குறைவு" என்று கத்தும். அவற்றை நிறுத்தினால் அடங்கிவிடும். பற்றரி பழுதாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்றார் ஒருவர். அப்போதைய விலையில் அது எனது ஒரு மாத வருமானத்திலும் அதிகம். நானோ கலைப்பட்டதாரி, பெட்டியைத் திறக்கவும் பயம். ஆளியை நிறுத்தி நிறுத்திப் போட்டு ஒரு வாரம் ஓட்டினேன். எட்டாம் நாள் பிளாத்திக்கு உருகும் மணம் வந்தது. அன்றுதான் மின்னிணைப்பாளர் ஒருவரை அழைத்தேன்.

அவர் பெட்டியைத் திறக்குமுன் அளந்தார். மின்விசிறிகளும் மின்குமிழ்களும் இயங்கும்போது பற்றரியின் முனைகளில் 12.2 வோல்ற்று. இன்வேட்டரின் முனைகளில் 10.7 வோல்ற்று. "இடையிலே ஒன்றரை வோல்ற்று எங்கே போனது, ரீச்சர்?" என்று கேட்டார். பற்றரி முனையின் கவ்வியில் வெண்ணிறப் படிவு படிந்து இணைப்புத் தளர்ந்திருந்தது. பற்றரி நன்றாகவே இருந்தது.

3. கணித்துப் பார்ப்போம்

தரவு: 60 வாற்று மின்விசிறிகள் 4, 20 வாற்று மின்குமிழ்கள் 4. இன்வேட்டரின் இழப்பைப் புறக்கணிக்குக.

மொத்த வலு = (60 × 4) + (20 × 4) = 320 வாற்று
மின்னோட்டம் = வலு ÷ அழுத்த வேறுபாடு = 320 ÷ 10.7 = ஏறத்தாழ 30 அம்பியர்
இணைப்பில் இழந்த அழுத்த வேறுபாடு = 12.2 − 10.7 = 1.5 வோல்ற்று
இணைப்பின் தடை = 1.5 ÷ 30 = 0.05 ஓம்
இணைப்பில் வெப்பமாகும் வலு = 1.5 × 30 = 45 வாற்று

0.05 ஓம் மிகச் சிறிய தடை. ஆயினும் 30 அம்பியர் பாயும்போது அந்தச் சிறிய கவ்வி ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோலைப் போல வெப்பமாகிறது. மின்விசிறிகளை நிறுத்தினால் மின்னோட்டம் குறையும்; இழப்பும் குறையும்; ஒலியும் நிற்கும். ஒலி நின்றதால் வழு நீங்கியது என்று நினைத்த ஒரு வாரமும் நான் பிள்ளைகளைத் தீ விபத்தொன்றின் அருகில் இருத்தியிருந்தேன் என்பதே உண்மை. இதை மறைக்காமல் எழுதுவது நீங்களும் அவ்வாறு செய்யாதிருப்பதற்காகவே.

4. பொதுவான எச்சரிக்கைகளும் அவற்றின் கருத்தும்

(1) பற்றரி குறைவு: மின்னேற்றம் தீர்ந்திருக்கலாம், பற்றரி முதுமையடைந்திருக்கலாம், இணைப்புத் தளர்ந்திருக்கலாம், பற்றரி மின்னேற்றப்படாமலே இருந்திருக்கலாம். ஈய அமிலக் கலத்தை மின்னிறங்கிய நிலையில் நெடுநாள் விட்டால் தகடுகளில் ஈயசல்பேற்று இறுகிப் படிந்து கொள்ளளவு குறையும்.

(2) மிகைச் சுமை: இன்வேட்டரின் வீதப்பட்ட வலுவிலும் கூடிய வலு பெறப்படுகிறது. உ+ம்: 1000 வாற்று இன்வேட்டரில் 2000 வாற்று மின்கேத்தல். நீரிறைக்கும் மோட்டர் தொடங்கும் கணத்தில் அதன் வழமையான மின்னோட்டத்தின் பல மடங்கைப் பெறும் என்பதையும் கவனிக்க. சுமையைக் குறைத்த பின்னரே மீள இயக்க வேண்டும்.

(3) மிகை வெப்பநிலை: காற்றோட்டத் துவாரங்கள் தூசியால் அல்லது பொருட்களால் அடைபட்டிருக்கலாம், நேரடி வெயில் படலாம், உள்விசிறி நின்றிருக்கலாம். சுமையைக் குறைத்து, தொகுதி தானாக ஆற இடமளிக்க வேண்டும். ஈரத்துணி போடுதல் கூடாது.

(4) வழங்கல் இல்லை அல்லது வழங்கல் அழுத்தம் எல்லை மீறியது: இது பெரும்பாலும் உங்கள் தொகுதியின் வழுவன்று. இலங்கையில் வழங்கல் 230 வோல்ற்று, 6 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம். அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வோல்ற்று வரை. மின் தடைப்பட்டதும் வழங்கலுடன் இணைந்த சோலார் இன்வேட்டர் வெளிக்கம்பிக்கு மின் அனுப்புவதை நிறுத்தும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காப்பதற்காகவே இந்த ஏற்பாடு. இவ்வறிவிப்பு அடிக்கடி வந்தால் பிரதேச மின் வழங்கல் அலுவலகத்திற்கு அறிவிக்கவும்.

(5) கலங்களிடையே சமனின்மை (இலிதியம்): 51.2 வோல்ற்றுத் தொகுதியில் 3.2 வோல்ற்றுக் கலங்கள் 16 தொடராக உள்ளன. மொத்தம் சரியாக இருந்தாலும் ஒரு கலம் எல்லையை மீறினால் முகாமைத் தொகுதி சுற்றைத் துண்டிக்கும். வகுப்புச் சராசரி நன்றாயிருக்க ஒரு மாணவர் மட்டும் சித்தியடையாத நிலை போன்றது இது. மீண்டும் மீண்டும் வந்தால் தொழினுட்பவியலாளரை நாடவும்.

(6) தொடர்பாடல் வழு: பற்றரிக்கும் இன்வேட்டருக்கும் இடையே தகவல் செல்லவில்லை. தகவல் வடம் கழன்றிருத்தல் பொதுவான காரணம்.

(7) புவிக்கசிவு அல்லது காவலி வழு: மின்னோட்டம் செல்லக்கூடாத வழியில் செல்கிறது. பெட்டியையோ அதன் உலோகப் பகுதிகளையோ தொட வேண்டாம். உடனே தொழினுட்பவியலாளரை அழைக்கவும்.

5. வழுவைக் கண்டறியும் ஒழுங்கு

படி 1: திரையில் உள்ள குறியீட்டை எழுதிக்கொள்க. நேரத்தையும் அவ்வேளை இயங்கிய சாதனங்களையும் குறிக்க. நிறுத்திப் போட்டால் இத்தகவல் அழிந்துவிடலாம்.
படி 2: குறிப்பேட்டில் அக்குறியீட்டின் கருத்தைப் பார்க்க. ஒரே எண் வெவ்வேறு உற்பத்திகளில் வெவ்வேறு கருத்தைத் தரலாம்.
படி 3: தொடாமல் அவதானிக்க. மணம், புகை, வீக்கம், கசிவு, நிறமாற்றம் உண்டா?
படி 4: இவை எதுவுமில்லையெனின் சுமைகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க. எப்போது ஒலி நிற்கிறது என்பதே துப்பு. நான் இங்கேதான் தவறினேன்: துப்புக் கிடைத்தது, அதைத் தீர்வு என நினைத்துவிட்டேன்.
படி 5: காரணம் தெரிந்து நீக்கிய பின் ஒரு முறை மாத்திரம் மீள இயக்குக. எச்சரிக்கை திரும்ப வந்தால் நிறுத்திவிட்டு உரியவரை அழைக்க.

6. கைவைக்கக் கூடாத இடங்கள்

• பற்றரி முனைகளை நீங்கள் கழற்ற வேண்டாம். 12 வோல்ற்று மின்னதிர்ச்சி தராது என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் ஸ்பனர் ஒன்று இரு முனைகளையும் இணைத்துவிட்டால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாய்ந்து தீப்பொறியும் தீக்காயமும் உண்டாகும்.
• ஈய அமிலக் கலம் மின்னேற்றப்படும்போது ஐதரசன் வாயு வெளியேறும். அருகில் விளக்கோ தீக்குச்சியோ கூடாது. அறைக்குக் காற்றோட்டம் வேண்டும். அமிலம் தோலில் அல்லது கண்ணில் பட்டால் உடனே பெருமளவு நீரால் நெடுநேரம் கழுவி வைத்தியரை நாடவும்.
• உருகி எரிந்தால் அதற்குப் பதிலாகக் கம்பியைச் சுற்ற வேண்டாம்.
• சூரியன் இருக்கும்வரை சோலார் பனல்களில் மின் உண்டு. பெட்டியை நிறுத்தினாலும் பனலிலிருந்து வரும் கம்பிகள் உயிருள்ளவையே.
• பற்றரி வீங்கினால், புகைந்தால், சீறும் ஒலி எழுப்பினால் காரணம் தேட வேண்டாம். அனைவரையும் வெளியேற்றி 110 இலக்கத்திற்கு அழைத்துத் தீயணைப்புச் சேவைக்கு அறிவிக்கவும்.

7. பயிற்சி வினா

51.2 வோல்ற்று, 100 அம்பியர் மணி பற்றரியொன்றின் 80 சதவீதத்தைப் பயன்படுத்தலாம். இதில் 512 வாற்றுச் சுமை தொடர்ந்து இயங்குகிறது. இழப்புகளைப் புறக்கணிக்குக.
(அ) சேமிக்கத்தக்க சக்தி யாது?
(ஆ) எத்தனை மணித்தியாலம் இயங்கும்?
(இ) 3 மணித்தியாலத்தில் "பற்றரி குறைவு" என அறிவித்தால் காரணங்கள் மூன்று தருக.

விடை: (அ) 51.2 × 100 = 5120 வாற்று மணி, அதாவது 5.12 கிலோவாற்று மணி. (ஆ) 5120 × 0.8 ÷ 512 = 8 மணித்தியாலம். (இ) பற்றரி முழுமையாக மின்னேற்றப்பட்டிருக்கவில்லை; பற்றரியின் கொள்ளளவு குறைந்துள்ளது; இணைப்பொன்றில் தடை அதிகரித்துள்ளது.

(இ) பகுதிக்குப் "பற்றரி பழுது" என்று மட்டும் எழுதும் மாணவர் புள்ளிகளை இழப்பார். நானும் அன்று அந்த விடையை நம்பியிருந்தால் ஒரு மாத வருமானத்தை இழந்திருப்பேன். பழைய கவ்வியைப் புதிய பற்றரியில் பூட்டியிருந்தால் ஆபத்தும் அப்படியே இருந்திருக்கும்.

நினைவிற் கொள்க: எச்சரிக்கை ஒலியை நிறுத்துவது எளிது. அது எதற்காக ஒலித்தது என அறிந்த பின்னரே நிறுத்துக.