இரட்டை வரைகலை மடிக்கணினி

இரட்டை வரைகலை மடிக்கணினி என்பது இரண்டு வரைகலைச் செயலிகளைக் கொண்ட மடிக்கணினி ஆகும். இவற்றுள் ஒன்று மையச் செயலியுடன் ஒருங்கிணைந்தது. மின்சாரத்தைக் குறைவாகப் பயன்படுத்துவது. மற்றையது தனக்கெனத் தனி நினைவகம் கொண்ட, ஆற்றல் மிக்க தனி வரைகலைச் செயலி. எழுத்து வேலை, இணைய உலாவல் போன்றவற்றுக்கு முதலாவதும், நிகழ்பட ஆட்டங்கள், முப்பரிமாண வடிவமைப்பு போன்றவற்றுக்கு இரண்டாவதும் பயன்படுகின்றன. பேச்சு வழக்கில் இது "இரண்டு கிராபிக்ஸ் கார்டு" எனப்பட்டாலும், மடிக்கணினிகளில் இரண்டாவது செயலி பெரும்பாலும் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்.

இக்கணினிகளில் ஆட்டங்கள் தொடங்காமல் போவதும் இடையில் செயலிழப்பதும் உண்டு. பல வேளைகளில் இதற்குக் காரணம் பழுதான பாகம் அன்று. ஆட்டம் பொருந்தாத செயலியில் இயங்குவதோ, இயக்கி மென்பொருளின் கோளாறோ ஆகும். இதனை அறியாது தாய்ப்பலகையை மாற்றினால் பெருஞ்செலவு வீணாகும்.

வரலாறு

2006 இல் வெளிவந்த சோனி வயோ எஸ்இசட் மடிக்கணினிகளில் செயலிகளை மாற்றுவதற்கென ஒரு பொத்தான் இருந்தது. மாற்றியபின் கணினியை மீண்டும் தொடக்க வேண்டும். 2008 இல் வந்த ஆப்பிள் மேக்புக் புரோவில் பயனர் விடுபதிகை செய்து மீண்டும் புகுபதிகை செய்தால் போதுமானதாயிற்று. பெப்ரவரி 2010 இல் என்விடியா அறிவித்த ஆப்டிமஸ் என்னும் நுட்பம் இம்மாற்றத்தைத் தானாகவே செய்தது. ஏஎம்டி நிறுவனமும் எண்டியூரோ என்ற பெயரில் இத்தகைய நுட்பத்தை வெளியிட்டது.

செயற்படும் முறை

ஆப்டிமஸ் முறையில் மடிக்கணினியின் திரை ஒருங்கிணைந்த செயலியுடன் மட்டுமே இணைக்கப்பட்டுள்ளது. தனிச் செயலி ஒவ்வொரு படச்சட்டத்தையும் வரைந்து, அதனை ஒருங்கிணைந்த செயலியின் நினைவகப் பகுதிக்கு அனுப்புகிறது. அங்கிருந்தே அது திரையை அடைகிறது. எனவே ஆட்டம் தனிச் செயலியில் இயங்கும்போதும் இரு செயலிகளின் இயக்கிகளும் ஒத்துழைக்க வேண்டும். சில கணினிகளில் திரையை எந்தச் செயலியுடனும் இணைக்கவல்ல மாற்றுச் சுற்று உள்ளது. 2020 இல் அறிவிக்கப்பட்ட மேம்பட்ட ஆப்டிமஸ் இச்சுற்றினைத் தானாக இயக்குகிறது.

செயலிழப்பின் காரணங்கள்

* பொருந்தாத செயலி: 2011 இல் வந்த இன்டெல் எச்டி 3000 செயலி டைரக்ட்எக்ஸ் 10.1 வரையே ஆதரித்தது. டைரக்ட்எக்ஸ் 11 ஐக் கட்டாயமாகக் கேட்கும் ஆட்டம் அதில் தொடங்காது. அதே கணினியின் தனிச் செயலி 11 ஐ ஆதரித்தாலும், ஆட்டம் அதனிடம் ஒப்படைக்கப்படாவிட்டால் பயனில்லை.
* இயக்கிக் கோளாறு: ஒரு செயலியின் இயக்கியை மட்டும் புதுப்பித்து மற்றதைப் பழையதாகவே விட்டால் முரண்பாடு ஏற்படலாம்.
* காலக்கெடு மீறல்: விண்டோஸ் விஸ்டா முதல், வரைகலைச் செயலி 2 நொடிகளுக்குள் பதிலளிக்காவிடின் இயங்குதளம் அதனை மீளத் தொடக்குகிறது. இதனைத் தாங்காத ஆட்டம் மூடிக்கொள்ளும்.
* வெப்பமும் மின்வழங்கலும்: பல மடிக்கணினிகளில் மையச் செயலியும் தனிச் செயலியும் வெப்பக் குழாய்களைப் பகிர்ந்துகொள்கின்றன. தூசு அடைத்தால் இரண்டும் சூடேறும்.

கண்டறிதலும் தீர்வும்

செயலிழப்பு எப்போது நிகழ்கிறது என்பதே முதற் சான்று. ஆட்டம் தொடங்கும்போதே நின்றால் பொருந்தாத செயலியையோ இயக்கியையோ ஐயுறலாம். சில நிமிடங்கள் நன்கு ஓடியபின் நின்றால் வெப்பத்தை ஐயுறலாம். பின்வரும் வரிசை செலவற்றது:

1. விண்டோஸ் 10 முதல் பணி மேலாளரில் எந்த வரைகலைச் செயலி பயன்படுகிறது என்பதைக் காணலாம்.
2. 2018 ஏப்ரல் மேம்படுத்தலுக்குப் பின், திரை அமைப்புகளின் வரைகலைப் பகுதியில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனியே உயர் செயல்திறன் செயலியைத் தேர்ந்தெடுக்கலாம்.
3. இரு இயக்கிகளையும் நீக்கி, மடிக்கணினி உற்பத்தியாளர் வழங்கும் பதிப்புகளை நிறுவிச் சோதிக்கலாம்.
4. நிகழ்வுப் பதிவேட்டில் 4101 என்னும் எண் காணப்பட்டால், இயக்கி பதிலளிக்காமல் மீளத் தொடக்கப்பட்டது எனப் பொருள்.
5. படச்சட்ட வீதத்தை நொடிக்கு 30 ஆகக் குறைத்துப் பார்க்கலாம். அதன்பின் செயலிழப்பு நின்றால் வெப்பமோ மின்வழங்கலோ காரணமாதல் கூடும்.

தனிச் செயலியை வலிந்து இயக்க, ஒருங்கிணைந்த செயலியைச் சாதன மேலாளரில் முடக்குவது பரவலான தவறு ஆகும். மாற்றுச் சுற்று இல்லாத கணினியில் திரைக்குச் செல்லும் ஒரே வழி அதுவே. அதனை முடக்கினால் அடிப்படை இயக்கியுடன் மட்டுமே திரை இயங்கும், ஆட்டமும் ஓடாது. மாறாக, தனிச் செயலியைத் தற்காலிகமாக முடக்கி எளிய ஆட்டம் ஒன்றை ஓட்டிப் பார்ப்பது பயனுள்ள சோதனை. அது தடையின்றி ஓடினால் ஐயம் தனிச் செயலியின் பக்கம் குறுகும்.

லினக்ஸ்

லினக்ஸ் கருவின் 2.6.34 பதிப்பில் (2010) செயலிகளை மாற்றும் வசதி சேர்க்கப்பட்டது. ஆயினும் ஆப்டிமஸ் கணினிகளுக்கு என்விடியாவின் ஆதரவு கிடைக்காமையால், 2011 இல் தன்னார்வலர்கள் பம்பிள்பீ என்னும் திட்டத்தைத் தொடங்கினர். 2012 இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினசு டோர்வால்டுசு என்விடியாவைக் கடுமையாகச் சாடியது இச்சிக்கல் பற்றிய கேள்வி ஒன்றுக்கு விடையளிக்கும்போதே ஆகும். 2019 இல் வந்த 435 வரிசை இயக்கிகளில், தேர்ந்தெடுத்த செயலிகளை மட்டும் தனிச் செயலியில் இயக்கும் வசதியை என்விடியாவே வழங்கியது.

வன்பொருள் பழுது

மேற்கண்ட எவையும் பயனளிக்காமல், வேறோர் இயங்குதளத்தை நினைவுக்கோலிலிருந்து தொடக்கியபோதும் திரையில் கோடுகளோ கட்டங்களோ தோன்றினால் வன்பொருளை ஐயுறலாம். ஆனால் உற்பத்தியாளரின் சின்னம் தோன்றும் வேளையில் திரையை வரைவது, மாற்றுச் சுற்று இல்லாத கணினிகளில், ஒருங்கிணைந்த செயலியே. அப்போதே கோடுகள் தெரிந்தால் பழுது திரையிலோ அதன் கம்பியிலோ இருக்கக்கூடும். தனிச் செயலி குற்றமற்றதாகலாம். வெளித் திரை ஒன்றை இணைத்துப் பார்ப்பது இதனைத் தெளிவாக்க உதவும்.

உண்மையான செயலிப் பழுதுகளும் நேர்ந்துள்ளன. 2011 முதல் 2013 வரை விற்பனையான சில மேக்புக் புரோ கணினிகளில் திரைக் கோளாறுகள் ஏற்பட்டதால், பெப்ரவரி 2015 இல் ஆப்பிள் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. எனவே தாய்ப்பலகையை மாற்றுமுன், அம்மாதிரிக்கு இத்தகைய திட்டம் உள்ளதா எனப் பார்ப்பது நன்று.