உங்கள் எம்.பி. எத்தனை நாள் வந்தார் என்று தெரியும்... எப்படி ஓட்டுப் போட்டார் என்று தெரியுமா?

தேர்தல் நெருங்கினால் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு படம் தவறாமல் வந்துவிடும். எம்.பி.யின் போட்டோ, பக்கத்திலேயே ரேங்க் கார்டு மாதிரி நான்கு எண்கள். வருகை இத்தனை சதவீதம், கேட்ட கேள்விகள் இத்தனை, பங்கேற்ற விவாதங்கள் இத்தனை, தனிநபர் மசோதா இத்தனை. அனுப்புகிறவர் எந்தக் கட்சி என்பதைப் பொறுத்து அதன் கீழே ஒரு பாராட்டோ, ஒரு கிண்டலோ இருக்கும்.

இந்த எண்கள் பெரும்பாலும் ஓர் இடத்திலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. 2005 முதல் டெல்லியில் இயங்கும் பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற ஆய்வு அமைப்பின் இணையதளத்தில் 'எம்.பி. ட்ராக்' என்று ஒரு பகுதி இருக்கிறது. பெயரைத் தேடினால் எம்.பி.யின் கணக்கு வரும்; பக்கத்தில் தேசிய சராசரியும் மாநில சராசரியும் இருக்கும். போனிலேயே இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஃபார்வர்டில் வந்த எண் சரியா என்று சோதிக்கவாவது ஒருமுறை பாருங்கள்.

ஆனால், அந்த கார்டில் முக்கியமான ஒரு கட்டமே கிடையாது. சட்டம் போடத்தான் ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்புகிறோம். எந்தச் சட்டத்துக்கு அவர் ஆதரவாக வாக்களித்தார், எதை எதிர்த்தார் என்பது அதில் இல்லை.

முதலில், இருக்கும் எண்களைப் பார்த்துவிடுவோம். வருகை என்பது பதிவேட்டில் போடும் கையெழுத்துதான். அந்தக் கையெழுத்து இருந்தால்தான் 2,500 ரூபாய் தினப்படி. போட்டுவிட்டு அவையில் பத்து நிமிடம் இருந்தாலும் அன்று முழு நாள் வருகை. அமைச்சர்கள் இந்தப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டியதில்லை, அவர்கள் கேள்வி கேட்பதும் இல்லை. அதனால் உங்கள் எம்.பி. மத்திய அமைச்சர் என்றால் அவர் பக்கம் காலியாகத்தான் இருக்கும். அதைக் காட்டி, 'பார், ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை' என்று சுற்றும் படங்களை நம்ப வேண்டாம்.

கேள்விகளில் இரண்டு வகை. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையிலேயே எழுந்து பதில் சொல்ல வேண்டும். துணைக் கேள்விகளும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள்தான், அதுவும் குலுக்கலில் வர வேண்டும். மற்ற 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். எத்தனை கேள்வி என்பதைவிட என்ன கேள்வி என்று பார்ப்பதுதான் என் சிபாரிசு. ஏனென்றால், கேள்வி கேட்கவே பணம் வாங்கியது ரகசிய கேமராவில் பதிவாகி, 2005 டிசம்பரில் 11 எம்.பி-க்கள் பதவி நீக்கப்பட்ட வரலாறு நமக்கு உண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவர்களும் சுறுசுறுப்பானவர்களாகத்தான் தெரிவார்கள்!

சத்தத்தில் கரையும் ஓட்டு

சரி, ஓட்டுக்கு வருவோம். மசோதா மீதான விவாதம் முடிந்ததும் சபாநாயகர், 'ஆதரிப்பவர்கள் ஆம் என்று சொல்லுங்கள், எதிர்ப்பவர்கள் இல்லை என்று சொல்லுங்கள்' என்பார். எந்தப் பக்கம் சத்தம் அதிகம் என்று அவருக்குத் தோன்றுகிறதோ, அந்தப் பக்கம் வெற்றி. இதுதான் குரல் வாக்கெடுப்பு. நம் பாராளுமன்றத்தில் பெரும்பாலான சட்டங்கள் இப்படித்தான் நிறைவேறுகின்றன. யார் ஆம் சொன்னார், யார் இல்லை சொன்னார், யார் போன் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதற்கு எந்தப் பதிவும் கிடையாது.

அதை ஏற்காத உறுப்பினர் 'டிவிஷன்' கேட்கலாம். அப்போது மணி அடிக்கும், கதவுகள் மூடப்படும், ஒவ்வொருவரும் இருக்கையில் உள்ள பட்டனை அழுத்த வேண்டும். பச்சை ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் இரண்டும் இல்லை. இந்த வாக்குகள்தான் பெயரோடு பதிவாகும். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவை எண்ணிக் காட்ட வேண்டும் என்பதால் டிவிஷன் கட்டாயம். 2023 செப்டம்பர் 20 அன்று மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா மக்களவையில் 454-க்கு 2 என்று நிறைவேறியது நமக்குத் துல்லியமாகத் தெரிவது அதனால்தான்.

மற்ற சட்டங்களுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவைக்கு வந்தபோது எதிர்க்கட்சியினர் டிவிஷன் கேட்டார்கள். அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் மசோதாக்கள் நிறைவேறின. மறுநாள் 8 எம்.பி-க்கள் சஸ்பெண்ட் ஆனார்கள். ஒரு வருடத்துக்கும் மேலாக விவசாயிகளை டெல்லி எல்லையில் உட்கார வைத்த சட்டங்கள் அவை. அன்று எந்த எம்.பி. எந்தப் பக்கம் என்று பெயர்ப் பட்டியல் தேடினால் கிடைக்காது. 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெற்றதும் குரல் வாக்கெடுப்பில்தான், அதுவும் விவாதமே இல்லாமல்.

பேச்சு ஒன்று, பட்டன் ஒன்று

டிவிஷன் நடந்துவிட்டால் என்ன தெரியவரும்? நம்மூர் கட்சிகளின் கணக்கிலேயே மூன்று சம்பவங்கள் இருக்கின்றன.

2012 டிசம்பர் 5. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டை எதிர்த்து மக்களவையில் பா.ஜ.க. கொண்டுவந்த தீர்மானம். அந்நிய முதலீட்டுக்கு எதிரான நிலைப்பாடு கொண்டிருந்த தி.மு.க., கூட்டணியில் இருந்ததால் காங்கிரஸ் அரசுக்கு ஆதரவாக வாக்களித்தது. தீர்மானம் 218-க்கு 253 என்று தோற்றது.

2019 ஜனவரி 8. பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினருக்கான 10 சதவீத இட ஒதுக்கீடு. அ.தி.மு.க. கடுமையாக எதிர்த்துப் பேசியது, பிறகு வெளிநடப்பு செய்தது. முடிவு 323-க்கு 3. 2014 தேர்தலில் 37 தொகுதிகளில் ஜெயித்த கட்சியின் எதிர்ப்பு, எதிர்ப்பு வாக்கில் ஒன்றாகக்கூட ஏறவில்லை. வெளிநடப்பு டி.வி.யில் தெரியும், வாக்குப் பதிவில் தெரியாது.

2019 டிசம்பர் 11. குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவையில் 125-க்கு 105 என்று நிறைவேறியது. அதில் அ.தி.மு.க.வின் 11 வாக்குகள் ஆதரவாக விழுந்தன. அந்த 11-ம் எதிர்ப்பக்கம் போயிருந்தால் 114-க்கு 116. மசோதா தோற்றிருக்கும். 2021 சட்டமன்றத் தேர்தலில் அதே கட்சி, அந்தச் சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதியது. வாக்குப் பதிவு இருந்ததால்தான் எதிர்க்கட்சிகளால் இதைப் பிரசாரத்தில் கேட்க முடிந்தது, கட்சியும் பதில் சொல்ல வேண்டி வந்தது. அந்த மசோதா குரல் வாக்கெடுப்பில் போயிருந்தால்? '11 பேர்' என்ற சொல்லே தேர்தல் மேடைக்கு வந்திருக்காது.

மூன்றிலும் ஒரு பொதுவான விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். எங்கேயும் எம்.பி.யின் பெயர் வரவில்லை, கட்சியின் பெயர்தான் வந்தது. காரணம், கொறடா உத்தரவு. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சி சொன்னதற்கு மாறாக வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ பதவியே போகலாம். ஆட்சி கவிழும் வாக்கெடுப்புகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம் என்று தினேஷ் கோஸ்வாமி கமிட்டி 1990-லேயே சொன்னது. யாரும் கேட்கவில்லை. விலைக்குப் போகும் எம்.பி.யைத் தடுக்க வந்த சட்டம், தொகுதிக்காக மனசாட்சிப்படி வாக்களிக்க நினைப்பவரின் கையையும் சேர்த்துக் கட்டிவிட்டது.

அதனால் 'அந்தச் சட்டத்துக்கு ஏன் ஆதரவளித்தீர்கள்' என்ற கேள்வியை எம்.பி.யிடம் கேட்டால், 'தலைமை முடிவு' என்ற பதில்தான் வரும். அந்தக் கேள்விக்கு விலாசம் கட்சித் தலைமை. எம்.பி.யிடம் கேட்க வேண்டியது கொறடா தலையிடாத இடங்களைப் பற்றி. கேள்வி நேரம், ஜீரோ ஹவர், 377-வது விதியின் கீழ் எழுப்பும் தொகுதிப் பிரச்னைகள், தனிநபர் மசோதா, நிலைக்குழு வேலை. இங்கேதான் அவர் உழைத்தாரா, உறங்கினாரா என்று தெரியும்.

சன்சாத் டாட் இன் என்ற பாராளுமன்ற இணையதளத்தில் எம்.பி.யின் பெயரைப் போட்டால் அவர் கேட்ட கேள்விகளும் அமைச்சர்களின் பதில்களும் பி.டி.எஃப்-ஆகவே கிடைக்கும். உங்கள் ஊர் ரயில்வே மேம்பாலம், மூடிக்கிடக்கும் மில், மீனவர் கைது என்று எதுவாக இருந்தாலும் தேடிப் பாருங்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்று அமைச்சர் பதில் சொன்ன பிறகு, அடுத்த கூட்டத்தொடரில் அதே விஷயத்தை எம்.பி. மறுபடி கேட்டாரா என்பதில்தான் அக்கறை தெரியும். நிலைக்குழு அறிக்கைகளின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால், எந்தெந்தக் கூட்டத்துக்கு யார் யார் வந்தார்கள் என்ற பட்டியலும் இருக்கும். கேமரா இல்லாத அறையில் நடக்கும் வேலை அது. வாட்ஸ்அப் கார்டில் அதற்கு இடமே இல்லை.

டிவிஷன் முடிவுகளைத் தேடுவது மட்டும் கொஞ்சம் அலைச்சல். அந்தந்த நாளின் விவாதப் பதிவில் பெயர்கள் இருக்கும், நீளமான பி.டி.எஃப்-ல் கையால் தேட வேண்டும். பிரிட்டனில் 'தே ஒர்க் ஃபார் யூ' என்ற தன்னார்வ இணையதளத்தில் எம்.பி.யின் பெயரைத் தட்டினாலே, எந்தெந்த விஷயத்தில் எப்படி வாக்களித்தார் என்று வரிசையாக வந்துவிடும். அங்கேயும் கொறடா உண்டு. ஆனால் கொறடாவை மீறினால் பதவி போகாது, அதனால் அந்தப் பட்டியலில் படிக்க விஷயம் இருக்கிறது.

தனிநபர் மசோதாக்களின் கதை தனி. 2015 ஏப்ரல் 24 அன்று, திருநங்கையர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. ஓர் அவையில் தனிநபர் மசோதா நிறைவேறியது 45 ஆண்டுகளில் அதுவே முதல்முறை. மக்களவையைத் தாண்டவில்லை, 2019-ல் அரசு தன் சொந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கொறடா பிடியிலிருந்து எம்.பி-க்களை விடுவிக்கவும் ஒரு தனிநபர் மசோதா உண்டு. காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி 2010-ல் கொண்டுவந்தார், 2021-ல் கொண்டுவந்தார், 2025 டிசம்பரில் மூன்றாவது முறையாகக் கொண்டுவந்தார். தனிநபர் மசோதா ஒன்று கடைசியாகச் சட்டமானது 1970-ல்.