சனியின் சந்திரன்களும் எமது பெண்பிள்ளைகளும்

சனி என்ற சொல் எமது வீடுகளில் நல்ல சொல்லாக இருந்ததில்லை. பிள்ளை குழப்படி செய்தால் "சனியன்" என்று ஏசுகிறோம். மகளின் சாதகத்தில் ஏழரைச் சனி என்று சொல்லிவிட்டால் கல்யாணப் பேச்சு நின்றுவிடுகிறது. சில வீடுகளில் படிப்பும் நின்றுவிடுகிறது. மண்டூரில் பல வருடங்களாக விஞ்ஞானம் படிப்பித்து வருபவள் என்ற முறையில் இதை நான் அடிக்கடி காண்கிறேன். எனவே, நாம் இவ்வளவு பயப்படும் அந்தக் கிரகத்தையும் அதன் சந்திரன்களையும் பற்றிச் சில விடயங்களை சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஏழரை என்பது என்ன?

சனி சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29½ வருடங்கள் எடுக்கிறது. இதைப் பன்னிரண்டு இராசிகளாகப் பிரித்தால் ஓர் இராசிக்கு இரண்டரை வருடம் வரும். மூன்று இராசிக்கு ஏழரை வருடம். கணக்கு இவ்வளவுதான். அப்படியென்றால் எந்த நேரத்திலும் பன்னிரண்டில் மூன்று இராசிக்காரருக்கு, அதாவது உலகில் நான்கில் ஒரு பங்கினருக்கு, ஏழரைச் சனி நடந்துகொண்டே இருக்கும். அத்தனை பேருடைய மகள்மாரும் படிப்பை நிறுத்த வேண்டுமா?

படம் எடுக்கப் போன விண்கலம்

அமெரிக்காவின் நாசா, ஐரோப்பிய விண்வெளி நிறுவனம், இத்தாலிய விண்வெளி நிறுவனம் ஆகியன சேர்ந்து 1997 ஒக்டோபர் 15இல் கசினி என்ற விண்கலத்தை அனுப்பின. அது ஏழு வருடங்கள் பயணம் செய்து 2004இல் சனியை அடைந்தது. 2004 டிசம்பர் 31இல் இயபெற்றஸ் என்ற சந்திரனைக் கிட்டப் போய்ப் படம் பிடித்தது. 2005 ஜனவரி 14இல் அதனுடன் சென்ற ஹைகன்ஸ் என்ற ஆய்வுக்கலம் டைட்டன் என்ற சந்திரனில் இறங்கியது. அந்த நாட்களில் நாம் சுனாமி கொண்டுபோன உறவுகளைக் கரையோரமெங்கும் தேடிக்கொண்டிருந்தோம். வானத்தை அண்ணாந்து பார்க்க எமக்கு ஏது நேரம்? அதனால்தானோ என்னவோ, இந்தச் செய்திகள் எமது ஊர்களுக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை.

கசினியின் கமரா கறுப்பு வெள்ளையில்தான் படம் எடுத்தது. சிவப்பு, பச்சை, நீலம் என வடிகட்டிகளை மாற்றி ஒரே காட்சியை மூன்று தடவை எடுத்து, பூமியில் அவற்றைச் சேர்த்து வர்ணப்படமாக்கினார்கள். ஒரு படத்தின் சமிக்ஞை எம்மை வந்தடைய ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகும். 2017 செப்டெம்பர் 15இல் சனிக்குள்ளேயே விழுத்தப்படும் வரை நான்கரை இலட்சத்துக்கும் அதிகமான படங்களை அது அனுப்பியது. படப்பிடிப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கரொலின் போர்க்கோ என்ற பெண் விஞ்ஞானி.

சின்னச் சந்திரனுக்குள் ஒரு கடல்

சனியின் சந்திரன்களில் என்சலடஸ் சிறியது. குறுக்களவு ஏறத்தாழ 504 கிலோமீற்றர்; எமது இலங்கையின் நீளத்தைவிடச் சற்று அதிகம். வெறும் பனிக்கட்டி உருண்டை என்றுதான் பலரும் எண்ணினார்கள். 2005இல் கசினியின் காந்தமானி அங்கே ஏதோ வித்தியாசத்தைக் காட்டியது. அந்தக் கருவிக்குப் பொறுப்பாக இருந்த மிஷேல் டொஹெர்ட்டி என்ற பெண், இன்னும் கிட்டப் போகவேண்டும் என்று மற்றவர்களை இணங்கவைத்தார். அந்த யூலையில் கசினி 173 கிலோமீற்றர் தூரத்தில் பறந்தது. தென்துருவத்திலிருந்து நீராவி வெளியேறுவது உறுதியானது.

நவம்பரில் வந்த படங்களில் அந்த நீர்த்தாரைகள் தெளிவாகத் தெரிந்தன. சூரியன் என்சலடஸுக்குப் பின்னால் நிற்கும்போது எடுத்த படங்கள் அவை. மண்டூர்த் துறையில் காலையில் கிழக்கே சூரியனைப் பார்த்து நின்றால் வாவியின் மேல் எழும் மெல்லிய பனிப்புகை பளிச்சென்று தெரியும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் அவ்வளவு தெரியாது. அதே விடயம்தான் அங்கும். பனி ஓட்டுக்கு அடியில் உப்புநீர்க் கடல் இருப்பது பின்னர் தெரியவந்தது. அந்த நீரிலிருந்து வந்த துணிக்கைகளில் உயிர்களுக்கு வேண்டிய பொசுபரசு இருப்பதாக 2023இல் அறிவித்தார்கள்.

டொஹெர்ட்டி தென்னாபிரிக்காவில் வளர்ந்தவர். அவர் படித்த உயர்தரப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கப்படவில்லை. தகப்பன் வீட்டில் அமைத்த தொலைநோக்கியில் சிறுவயதில் கிரகங்களைப் பார்த்தவர். 2025இல் பிரித்தானியாவின் அரச வானியலாளராக நியமிக்கப்பட்டார். அப்பதவிக்கு வந்த முதற் பெண் அவர்தான்.

கொழும்பிலிருந்து ஒரு வாழ்த்து

இயபெற்றஸின் ஒரு பக்கம் கரிபோலக் கறுப்பு, மறுபக்கம் பனிபோல வெள்ளை. விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1968இல் வெளியான தமது '2001' நாவலில் பயணத்தின் முடிவை இந்தச் சந்திரனில்தான் வைத்தார். அவர் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். 2007 செப்டெம்பரில் கசினி இயபெற்றஸை மீண்டும் நெருங்கியபோது, 89 வயதான அவர் கொழும்பிலிருந்தே விஞ்ஞானிகளுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பினார். அடுத்த வருடம் காலமானார்.

படத்தைப் பார்த்த தாய்

எமது அயலில் ஒரு பிள்ளை. உயர்தரத்தில் விஞ்ஞானம் எடுத்திருந்தாள். "புள்ளைக்கு ஏழரை நடக்குது டீச்சர். டவுனுக்கு ரியூசனுக்கு அனுப்பப் பயமாக் கிடக்கு" என்றார் தாய். நான் விவாதிக்கவில்லை. தொலைபேசியில் என்சலடஸின் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "சனியிட்ட இப்பிடித் தண்ணியும் இருக்கா டீச்சர்?" என்று கேட்டார். மகள்தான் விளங்கப்படுத்தினாள். தாயின் பயம் முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். சனிக்கிழமைகளில் எள்ளெண்ணெய் விளக்கேற்றுகிறார். ஆனால் மகள் வகுப்புக்குப் போகிறாள்.

கோயிலுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சின்னக் கதிர்காமம் எனப் பேர்பெற்ற எங்கள் முருகன் கோயிலுக்கு நானும் போகிறவள்தான். ஒரு கிரகத்தின் பெயரால் பிள்ளையின் படிப்பை நிறுத்தாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

கசினி எடுத்த படங்களை இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். சனியை வெறும் கண்ணாலும் காணலாம். இலேசான மஞ்சள் நிறத்தில், அதிகம் மின்னாமல் தெரியும். பாடசாலையில் சிறு தொலைநோக்கி இருந்தால் வளையமும் டைட்டனும் தெரியும். உங்கள் மகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். நீங்களும் பாருங்கள்.