தான் தேய்ந்து படகைக் காப்பவை

கீரிமலைக்கு நீராடச் செல்வோர் ஒரு புதுமையைக் காண்பர். கேணியில் நன்னீர், அதன் சுவருக்கு அப்பால் உப்புக்கடல். சுண்ணக்கற் பாறையினூடே ஊறிவரும் ஊற்றும் அலைகடலும் அங்கே அயலவராய் வாழ்கின்றன. ஆனால், அக்கடலில் மோட்டர்ப் படகு செலுத்துவோருக்கு உப்பு நல்ல அயலவன் அன்று. பழைய இயந்திரத்துக்கு முதுமையினும் கொடிய பகை அதுவே.

படகின் பின்புறத்தில் மாட்டும் வெளியிணைப்பு இயந்திரத்தை 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்து புகழ்பெற்றவர், நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்ரூட். தாம் மணக்கவிருந்த நங்கைக்காக ஏரியின் மறுகரையில் ஐஸ்கிரீம் வாங்கித் துடுப்பு வலித்து மீள்வதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த ஏமாற்றத்திற் பிறந்ததே இக்கருவி என்பர். அவர் பெயர் தாங்கிய இயந்திரங்களின் உற்பத்தி 2020இல் நின்றுபோயிற்று. ஆலை நின்றாலும் இயந்திரம் நிற்பதில்லை; பேணுவோர் உள்ளவரை அது ஓடும்.

இவ்வுண்மையை நம் வடகரை மக்கள் துன்பத்தின் வாயிலாகக் கற்றனர். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் பற்றரியும் உதிரிப் பாகங்களும் குடாநாட்டில் அருகின. பெற்றோல் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஓர் இயந்திரம் இறந்தால் அதன் உறுப்புக்கள் வேறு இரண்டிற்கு உயிரளித்தன. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் விடுவிக்கப்பட்டது. இன்று பாகங்கள் கடைகளில் உண்டு. ஆயினும், எதை எப்பொழுது மாற்றுவது என்னும் அறிவு கடையில் விற்பனைக்கில்லை.

இயந்திரத்தில் மலிவான மூன்று பொருள்கள் உள்ளன. மூன்றும் தாம் அழிந்து பிறவற்றைக் காப்பவை. முதலாவது, பழைய சிறு இயந்திரங்களில் சுழல்விசிறியைத் தண்டோடு பிணைக்கும் ஆணி. விசிறி பாறையில் மோதினால் ஆணி முறியும். உள்ளே பற்சில்லுகள் தப்பும். ‘அடிக்கடி முறிகிறதே’ என்று உறுதியான உருக்காணியைச் செருகுவோர் உண்டு. அடுத்த மோதலில் முறிவது பற்சில்லாகும்! முறிவதே அவ்வாணியின் கடமை.

இரண்டாவது, நீரில் அமிழும் பகுதியிற் பொருத்திய துத்தநாகக் கட்டி. உப்புநீரில் வெவ்வேறு உலோகங்கள் சேர்ந்தால் அது ஒரு மின்கலமாகும் என்று மாணவர்கள் படித்திருப்பர். அங்கே முதலில் அரிபடுவது துத்தநாகம். அதனால் அலுமினிய உடல் பிழைக்கிறது. அழகுக்காக அக்கட்டிமீது வர்ணம் பூசினால் காவலன் கைகள் கட்டப்பட்டுவிடும். பாதி கரைந்ததும் புதியது பொருத்த வேண்டும்.

மூன்றாவது, குளிர்நீரை ஏற்றும் இறப்பர்ச் சக்கரம். இயந்திரம் ஓடுகையிற் பின்புறத்திலிருந்து பீறும் நீர்த்தாரை மெலிந்தால் அது தேய்ந்திருக்கலாம் என்று அறிக. நீரின்றிச் சிறிது நேரம் ஓட்டினாலும் அது கருகிவிடும். கரை சேர்ந்ததும் நன்னீர் ஓடவிட்டு உள்ளிருக்கும் உப்பைக் கழுவுவது இயந்திரத்துக்கு ஆயுள் வளர்க்கும் மருந்து.

பாகம் தேடுவோர், இயந்திரத்தைப் படகிற் பிணைக்கும் தாங்கியிலுள்ள தகட்டைத் துடைத்து, மாதிரி எண்ணையும் தொடர் எண்ணையும் குறித்துச் செல்க. பழைய பாகத்தையும் உடன் கொண்டு செல்க. குண்டுப் போதிகைகளில் அளவு எண் பொறித்திருக்கும்; அவ்வெண்ணைச் சொன்னால் வேறு இயந்திரங்களுக்கு விற்கும் கடையிலும் அவை கிடைக்கலாம். பழுதான அதே மாதிரி ஒன்று மலிவாக வந்தால் வாங்கி வைப்பது வீண்செலவன்று.

நடுக்கடலில் இயந்திரம் நின்றால் காற்றும் நீரோட்டமும் படகை இழுத்துச் செல்லும்; நாட்டின் எல்லையை அவை அறியா. கரையில் ஒரு குடும்பம் விளக்கேற்றி வைத்து விழித்திருக்கும். அந்த இரவைத் தவிர்க்க, படகுப் பெட்டியில் ஓர் ஆணியும் ஒரு பிளக்கும் ஒரு திருகுகருவியும் மேலதிகமாக இருந்தாற் போதுமே!